நிற்காத கப்பல்

கடலை மெரினாவில் சுண்டலோடு மட்டுமே பார்த்தவன் நான். ஆனாலும் போர்க்கப்பல்களைப் பற்றி யார் பேசினாலும் குறுக்கே புகுந்து திருத்துகிற வியாதி எனக்கு உண்டு.

சென்ற ரம்ஜானுக்கு மேல்விஷாரத்தில் தெரிந்த பாய் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபத்தொன்றில் நடந்த போரில், சரக்குக் கப்பல்களுக்குக் காவலாகப் போன போர்க்கப்பலில் இருந்தவர் அவர். குடியாத்தத்திலிருந்து ஓர் அம்மாளும் வந்திருந்தார். அந்தக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்த மாலுமியின் தங்கை.

“உங்க அண்ணன் விழுந்ததும் கப்பல நிறுத்தி, விடியற வரைக்கும் தேடினோம்மா” என்றார் பாய்.

“சான்ஸே இல்ல பாய்” என்றேன். “நீர்மூழ்கி சுத்தற எடத்துல காவல் கப்பல் நிக்கவே நிக்காது. நின்னா எல்லாக் கப்பலும் காலி.”

பாய் எழுந்து உள்ளே போய்விட்டார்.

“எனக்குத் தெரியும் சார்” என்றார் அந்த அம்மாள். “கப்பல் நிக்கலன்னு அப்பவே ஆபீசருங்க சொல்லிட்டாங்க. அண்ணன் கத்தறத கேட்டுக்கினே வந்தவரு இவரு. தேடினோம்னு சொன்னாதான் அவருக்கு மனசு ஆறுது. அதுக்குத்தான் வருஷா வருஷம் வந்து கேக்கறேன்.”

கப்பல் நிற்கக்கூடாது என்ற விதியைத்தான் நான் படித்திருந்தேன். அதற்குக் கட்டுப்பட்டு ஊர் திரும்பியவரை அன்றுதான் பார்த்தேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பிரியாணிக்குக் கூப்ட்டா பிரியாணிய துன்னுட்டு வர வேண்டியதுதானே?” என்றாள்.