பட்டியலில் விட்டுப்போன பதினோரு நம்பர்

பிரவுசிங் சென்டர் நடத்துவது என்றால் ஊரார் அவசரத்தையெல்லாம் ஒரே கீபோர்டில் அடிப்பது. ரிசல்ட் நாளில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெருமைக்குரிய வரி

விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளுக்குப் போகும் வழியில் என் கடை. பிளஸ் டூ ரிசல்ட் என்றால் வேப்பூர், நல்லூர் பக்கமிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்துவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்து, பிறந்த தேதி அடித்து, பக்கம் வரும்வரை சாமி கும்பிட வேண்டும். இரண்டு வருஷம் இப்படி அல்லாடிவிட்டு, மூன்றாம் வருஷம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். முந்தின நாளே நம்பரையும் பிறந்த தேதியையும் வாங்கிப் போட்டுவிட்டால், அதுவே பிரவுசரில் ஒவ்வொன்றாக அடித்து, ரிசல்ட்டை எடுத்துப் பட்டியலில் சேர்க்கும்.

பக்கம் வராவிட்டால் நிற்காமல் அடுத்த நம்பருக்குப் போ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. எழுத்துகள் தானாக விழுவதைப் பார்த்த ஸ்ரீமுஷ்ணத்துக்காரர் ஒருவர் கேட்டார்: "எல்லாத்தயும் அதுவே பாத்துக்குதுன்னா, நீங்க எதுக்கும்மா ஒக்காந்திருக்கீங்க?"

கதவில் ஒட்டிய தாள்

பட்டியலைப் பிரிண்ட் எடுத்துக் கதவில் ஒட்டினேன். ஒரே தள்ளுமுள்ளு. செராமிக் கம்பெனிச் சூளையில் வேலை பார்க்கும் முருகேசன், மகள் செல்வியின் நம்பரை விரல் வைத்து இரண்டு தடவை தேடினார். செய்தித்தாளில் ரிசல்ட் பார்த்துப் பழகியவர்களுக்கு நம்பர் இல்லையென்றால் ஃபெயில். அது எனக்கும் தெரியும். அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"என்னங்க, பாத்தாச்சா?" என்றேன், வேறு யாருக்கோ மார்க் சொல்லிக்கொண்டே. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாத்துட்டம்மா. போயிட்டு வரேன்."

எண்ணிக்கை

கூட்டம் குறைந்ததும் சும்மா எண்ணிப் பார்த்தேன். நம்பர் கொடுத்தவர்கள் இருநூற்றுப் பதினான்கு பேர். தாளில் இருநூற்று மூன்று. வெப்சைட் திணறிய நேரத்தில் பதினோரு பேரை ஸ்கிரிப்ட் தாண்டிப் போயிருக்கிறது, நான் சொன்னபடியே.

பதினொன்றையும் கையால் அடித்தேன். பத்துப் பேர் கடைவாசலிலோ போனிலோ கிடைத்துவிட்டார்கள். முருகேசனிடம் போன் இல்லை. செல்வி நல்ல மார்க்கில் பாஸ். கடையில் என்னோடு வேலை பார்த்த மேரி என் கையில் சைக்கிள் சாவியைத் திணித்தாள். "ஓடுங்கக்கா. ஃபெயில்னு கேட்ட புள்ளங்க என்னென்ன பண்ணிக்குதுங்கன்னு தெரியாதா?"

செல்வி

முருகேசனின் கம்பெனிக்குள் நான் போனபோது, பொம்மைக்குச் சாயம் பூசும் பெண்களின் வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்தாள். கண் வீங்கியிருந்தது. "வூட்டுல தனியா அழ வேணாம்னு கூட்டியாந்தேன். நாளையிலருந்து வேலைக்கே வரச் சொல்லிட்டாங்க" என்றார் முருகேசன். அவளை உயிரோடு பார்த்ததும் நேரே அவள் முன்னால் போய் நின்றேன். அத்தனை பேர் முன்னாலும், செல்வி பாஸ், தப்பு என்னுடையது, மன்னித்துவிடுங்கள் என்றேன்.

முருகேசன் மண் மூட்டைமேல் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். செல்வி கையைக் கழுவித் துடைத்துவிட்டு, நான் நீட்டிய ரிசல்ட் தாளை வாங்கினாள். நம்பர், பிறந்த தேதி, பெயர் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தாள். சிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "இத நீங்களே பாத்தீங்களாக்கா?"

இப்போதும் ஸ்கிரிப்ட்தான் அடிக்கிறது. தாளை ஒட்டுமுன் தலை எண்ணுகிற வேலையை மட்டும் நான் அதனிடம் கொடுப்பதில்லை.