சித்தி கை நீட்டிய படம்

திருப்பத்தூரில் என் சித்தி வீட்டு ஹாலில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. வேலூர்க் கோட்டை மதில்மேல், சாயங்கால வெயிலில் சித்தி ஒரு கையை நீட்டியபடி நிற்கிறாள். பார்ப்பவர்கள் எல்லோரும் மெச்சுவார்கள். அந்தப் படம் அமைந்ததற்கு நான்தான் காரணம் என்று வெகுநாள் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு ஏழு வயது. அம்மாவின் தங்கையான சித்தி, எங்கள் ஆம்பூர் வீட்டில் இருந்துகொண்டு ஷூ கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பெண் கேட்டவர்கள் முதலில் படம் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை தரகர் கையில் படம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள்.

ஸ்டூடியோவில் எடுத்தால் எல்லாப் பெண்களும் ஒரே மாதிரிதான் இருப்பார்கள் என்பது மாமாவின் கட்சி. புதிதாகக் கேமரா வாங்கியவர் வேறெப்படிப் பேசுவார்? ஞாயிற்றுக்கிழமை எங்களை பஸ் ஏற்றிக் கோட்டைக்குக் கூட்டிப்போனார்.

மதில்மேல் ஓரிடத்தில் செங்கல் சுவர் இடிந்து கிடந்தது. வெயில் சாயும்போது அங்கே நின்றால் கல்யாணக் களை தானாக வரும் என்றார். சித்தியோ மாமா பொத்தானை அமுக்கும்போதெல்லாம் கண்ணை மூடினாள், முந்தானையைச் சரிசெய்தாள், தும்மினாள். பிறகு என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்திக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கொழந்தையோட படம் அனுப்புனா இன்னா நெனப்பாங்க? அவள வுடு மே," என்றார் மாமா.

"அவ இருந்தாதான் எனக்குச் சிரிப்பு வருது. வெயிலும் போய்டுச்சு, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கலாம்ணா."

"அதுவரிக்கும் அவங்க காத்துனு இருப்பாங்களா?" என்றாள் அம்மா.

விடாக்கண்டன் கொடாக்கண்டன் கதையாக நேரம் போயிற்று. சித்தியின் உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது. "எங்கியும் போவாத கண்ணு, இங்கியே நில்லு," என்று என் காதோடு சொன்னாள். என்மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா கெட்டிக்காரர். கீழே மரத்தடியில் நின்ற ஐஸ் வண்டியை நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பத்து ரூபாயை நீட்டியதுதான் தாமதம், சித்தியின் கையை உதறிவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

ஐஸோடு திரும்பி வந்து மாமாவுக்குப் பின்னால் நின்றேன். வெயில் சுவரின் உச்சியிலும் சித்தியின் முகத்திலும் மட்டும் மிச்சம் இருந்தது. என்னைக் கண்டதும் அவள் கையை நீட்டினாள். மாமா அமுக்கிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டாருக்குப் படம் ரொம்பப் பிடித்துப்போனது. வெள்ளிக்கிழமையே வந்து பூ வைத்துவிட்டுப் போனார்கள். தை பிறந்ததும் கல்யாணம்.

போன மாதம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா வீட்டில் இல்லை. படத்தைக் காட்டி, "நான் ஐஸ் வாங்கப் போனதாலதான் இது அமைஞ்சுது, இல்ல சித்தி?" என்று சீண்டினேன்.

அவள் வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எங்க கம்பெனில கட்டிங் செக்‌ஷன்ல ஒருத்தர் இருந்தாரு. அடுத்த ஞாயித்துக்கெழம வூட்டுக்கு வந்து கேக்கறேன்னு சொல்லியிருந்தாரு. ஒரு வாரம் தள்ளிப்போனா போதும்னு இருந்தேன்."

"வந்தாரா?"

"வந்தாரு. பூ வெச்சாச்சுன்னு உங்க மாமா வாசலோடவே அனுப்பிச்சுட்டாரு." நறுக்கியதைத் தட்டில் தள்ளிவிட்டு, "டீ குடிக்கறியா?" என்றாள்.

படத்தை நிமிர்ந்து பார்க்கவே கஷ்டமாக இருந்தது. கையை நீட்டி நிற்கும் அந்த அழகைத்தான் மாப்பிள்ளை வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்களாம்.

அன்றைக்கு அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். ஐஸ் கேட்கிறாள் என்று நினைத்து, நான் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.