தம்பிக் காளையின் சாட்சி

நீந்தி ஓட வேண்டிய விந்தணுக்கள் வால் சுருண்டு, இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன. மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே எனக்கு மனமில்லை. திருவனந்தபுரத்தில், பொலிகாளைகளின் விந்தைச் சேகரிக்கும் பண்ணை ஒன்றில் நான் கால்நடை டாக்டர். அந்த விந்துக்குச் சொந்தக்கார இளம் ஜெர்சி காளை பொன்முடிப் பக்கத்துக் குளிர்ந்த மலை எஸ்டேட்டிலிருந்து கோடையின் தொடக்கத்தில் எங்களிடம் வந்தது. என்னைக் கண்டால் கையை நக்கும். எனக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம், மறைப்பானேன்?

"ரெண்டு தடவையும் இதே ரிசல்ட்தான், பாத்துக்கோ. பின்னே எதுக்கு சும்மா தீவனம் போடணும்? வெள்ளிக்கிழமை லாரி வரட்டும்" என்றார் மேலதிகாரி. நாகர்கோவில்காரர், முடிவெடுத்துவிட்டால் மனிதர் அசைய மாட்டார். லாரி என்றால் கசாப்புக்கு.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "வெயில் சார். தகரக் கொட்டகை அடுப்பு மாதிரி கொதிக்குது. இன்னைக்கு நாம பாக்குற விந்தணு ரெண்டு மாசம் முன்னாடி உருவாகத் தொடங்கினது. அன்னைக்குப் பட்ட சூடு இப்பதான் தெரியுது."

"பரம்பரைக் கோளாறா இருந்தா?"

"எஸ்டேட்ல இதோட தம்பி நிக்குது. அப்பனும் ஒண்ணு, அம்மையும் ஒண்ணு. அது இந்த வெயிலையே கண்டதில்ல. அதோட விந்து நல்லா இருந்தா நம்ம கொட்டகைதான் குத்தவாளி."

"இல்லைன்னா?"

"லாரிய நானே வரச் சொல்றேன்" என்றேன். வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் மலையேறினேன். தம்பி அண்ணனை அப்படியே உரித்து வைத்திருந்தான். மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் எஸ்டேட் தொழிலாளி அவன் கழுத்தைத் தடவியபடி சொன்னார்: "தங்கமான காளை டாக்டரம்மா. பசுக்கதான் சரியில்ல. ஒண்ணும் சினை நிக்க மாட்டேங்குது. மூணை மலடுன்னு மொதலாளி வித்துப்புட்டாரு."

மாட்டுத் தொழுவத்திலும் முதல் பழி பெண்ணுக்குத்தானா என்று எரிச்சல் வந்தது. ஆனால் குறை காளையிடமே இருக்குமோ என்ற பயம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

விந்து எடுத்ததும் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்துக் குனிந்தேன். வால்கள் சுருண்டிருந்தன. குளிர் பட்டாலும் வால் சுருளும். அதனால் இன்னொரு கண்ணாடியை இளஞ்சூடாக்கி மறுபடியும் பார்த்தேன். அதே சுருள். வெயில் காணாத மலையில் வெயிலைக் குற்றம் சொல்ல முடியாது. கண்ணில் நீர் முட்டியது.

"நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

"இல்லண்ணே. குறை பசுக்க மேல இல்ல. ரத்தத்துலயே வந்த கோளாறு. மருந்து கிடையாது."

அவர் கை காளையின் கழுத்திலேயே நின்றுவிட்டது. "அப்ப இவனையும் அனுப்பிருவாங்களா?"

ஆமாம் என்று தலையசைத்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க வராமலே இருந்திருக்கலாம், டாக்டரம்மா."