தினேக்கு வா

வில்மோரெல் தேவாலயத்தின் கதவில் ஒரு தகரப் பலகை தொங்கும்: 'சாவி ஃபிர்மான் வீட்டில். நீல ஜன்னல். சாப்பாட்டு நேரத்தில் தட்டக் கூடாது.' கடைசி வரி ஃபிர்மான் தானே சேர்த்தது. ரோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு வாய்த்த ஒரே பதவி அந்தச் சாவிதான்.

கோடை வந்தால் லிமோஜ் நகரத்திலிருந்து ஒருநாள் சுற்ற வருகிறவர்கள், யாருக்கும் தெரியாத ஊரைத் தாங்கள்தான் கண்டுபிடித்தது போன்ற முகத்தோடு கதவைத் தட்டுவார்கள். "இங்க பாக்க என்ன இருக்கு?" என்பார்கள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுச் சாவியோடு முன்னால் நடப்பார். உள்ளே சுவரில் ஒரு புனிதர், ஒரு காலில் ஆறு விரலோடு ஆற்றைக் கடந்துகொண்டிருப்பார். வரைந்தவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்பது ஃபிர்மானின் கட்சி. ஆனால் எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் மத்தியானம் பன்னிரண்டு அடித்தால் கதவு திறக்காது. அது தினே நேரம்.

அந்தப் பக்கத்துக் கிராமங்களில் தினே என்றால் மத்தியானச் சாப்பாடு. சாயங்காலம் சாப்பிடுவது சூப்பே. பாரிஸில் எல்லாம் தலைகீழ், அங்கே தினே என்றால் ராத்திரிச் சாப்பாடு. இது தெரியாமல்தான் ஃபிர்மான் ஒருமுறை அவமானப்பட்டார்.

அவருடைய அக்கா லூசெத் பாரிஸில் வாழ்க்கைப்பட்ட புதிதில், புகுந்த வீட்டாரைப் பார்க்க வரும்படி தம்பியைத் தினேக்கு அழைத்தாள். இவர் கழுத்தை இறுக்கும் கோட்டும், கூடையில் உயிரோடு ஒரு வாத்துமாக மத்தியானமே போய் நின்றார். வீட்டார் சிரித்தார்கள். லூசெத்தும் சிரித்து, "பட்டிக்காடு, என்ன பண்றது!" என்றாள். வாத்தை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த ரயிலில் திரும்பினார். அதற்குப் பிறகு அம்மாவின் அடக்கத்தில் பார்த்துக்கொண்டார்கள், அதுவும் தலையை மட்டும் ஆட்டி. இருவருமே தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார்கள்.

இந்த ஜூனில் லூசெத்திடமிருந்து போன் வந்தது.

"ஃபிர்மான், நான்தான். எங்க முதியோர் சங்கத்துல சனிக்கிழமை உங்க பக்கம் ஒருநாள் சுத்த வர்றோம். ஏரி, பழைய மில்லு, அந்த மாதிரி. உன்னையும் பாக்கலாமான்னு..."

ஃபிர்மான் "தினேக்கு வா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வேண்டுமென்றேதான் அப்படிச் சொன்னார். மத்தியானம் வந்தால் அக்கா, வராவிட்டால் பாரிஸ்காரி. அவ்வளவுதான் கணக்கு.

சனிக்கிழமை விடிந்ததும் மாவு பிசைந்து, உருளைக்கிழங்கை மெல்லிசாக அரிந்து அடுக்கி, மூடிச் சுட்டு, நடுவில் ஓட்டை போட்டு க்ரீம் ஊற்றினார். அம்மா செய்தது போலவே. பன்னிரண்டு மணி அடித்தது. ஒன்றும் அடித்தது. வாசலில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டு ரெமோந்த் வாசனை பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வரலியா உங்கக்கா?"

"யாரு அக்கா? உக்காந்து தின்னு."

"ஏன்யா, அவளுக்கு நம்ம ஊரு பேச்சு ஞாபகம் இருக்குமா? ஒரு வார்த்தை, மத்தியானம்னு சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"அம்மா தெனமும் அந்த வார்த்தைய சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டா."

ரெமோந்த் இரண்டு துண்டு தின்றாள். ஃபிர்மானுக்கு இறங்கவில்லை. மிச்சத்தையும் அவளிடமே கொடுத்தனுப்பிவிட்டு நீல ஜன்னலைச் சாத்தினார். சாயங்காலம் வரை அவர் செய்த ஒரே காரியம் சூப்புக்கு வெங்காயத் தாள் அரிந்ததுதான். கண்ணீருக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது, அது அத்தனை காரமில்லை.

ஏழு மணிக்கு, வெயில் இன்னும் முற்றத்தில் கிடக்கும்போது, கதவு தட்டப்பட்டது.

"பலகைய படிக்கலியா? சாப்பாட்டு நேரம்! சாவி கெடையாது, போங்க!"

"சாவி வேணாம். நான்தான்டா."

லூசெத் பழக்கேக் பெட்டியோடு நின்றாள். முடி முழுக்க வெளுத்திருந்தது.

"பஸ் போயிருக்குமே?" என்றார்.

"போயிடுச்சு. என்னை விட்டுட்டுப் போங்கன்னு சொல்லிட்டேன். தினேக்குக் கூப்பிட்டியே."

"தினே மத்தியானம் முடிஞ்சுது. அதுகூட மறந்துடுச்சு உனக்கு."

லூசெத் பெட்டியை வாசல் கல்லில் வைத்தாள். "மறக்கலடா. பன்னண்டு மணிக்கு ஏரிக்கரைல எல்லாரும் சாப்பிட உக்காந்தாங்க. நான் மட்டும் எந்திரிச்சு உன் வீட்டுக்குப் பாதி வழி நடந்துட்டேன். அப்புறம் அந்த வாத்து ஞாபகம் வந்துச்சு. நான் சிரிச்ச சிரிப்புக்கப்புறம் நீ அந்த வார்த்தைய பழையபடி சொல்லுவியா? எனக்காக எங்க பாரிஸ் பேச்சுல, ராத்திரிக்குக் கூப்பிட்டிருக்கன்னு நெனச்சேன். நீ அன்னிக்கு வந்த மாதிரியே இப்ப மத்தியானம் போய் நின்னா, அக்கா இன்னும் கிண்டல் பண்றாளேன்னு நெனப்பியேன்னு திரும்பிட்டேன்."

ஃபிர்மானுக்கு வெட்கமாக இருந்தது. காலை முழுதும் அவளுக்குப் பரீட்சை வைத்தவர் அவர். அவளோ பாதி வழி வந்து, அவருக்காகவே திரும்பியிருக்கிறாள்.

"அந்த வாத்தை என்ன பண்ணீங்க?" என்றார் கடைசியில்.

"அறுக்க யாருக்குத் தெரியும்? வயசாகித்தான் செத்துது."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவை முழுதாகத் திறந்து பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். உள்ளே அடுப்பில் இருந்தது வெறும் சூப்.

"உள்ள வாக்கா," என்றார். "தினே ஆறிடப் போவுது."