முகம் திருப்பி உட்கார்ந்தவள்

வேலையை விட்ட பிறகு நான் பிடித்துக்கொண்ட பொழுதுபோக்கு, பழைய புகைப்படங்களுக்குக் குறிப்பு எழுதுவது. கனடாவின் கிழக்குக் கரையில் வாழும் மிக்மாக் பழங்குடியினரின் படங்களை ஒரு நூலகம் இணையத்தில் ஏற்றுகிறது. அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து நானும் எழுதி அனுப்புவேன். எழுதுவதை அந்த மக்களே படித்துச் சரி சொல்ல வேண்டும். அதுதான் எனக்கு உதறல்.

அன்று வந்த கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பெண். துக்கக் கறுப்பில் கூம்பாக எழும்பிய துணித் தொப்பி, அதில் நெருக்கமான மணி வேலை. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பியிருந்தாள். சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை. 'நிலத்தைப் பறிகொடுத்தவளின் துயரம். கேமராவைப் பார்க்க மறுக்கிறாள்' என்று எழுதினேன். எழுதிவிட்டு எனக்கே கண் கலங்கியது, போங்கள்!

கணவரைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். காபி டம்ளரோடு வந்தவர் படத்தைப் பார்த்தார், பிறகு ஹால் சுவரைப் பார்த்தார்.

"அப்போ அங்க மாட்டியிருக்கிற அம்மாவுக்கு என்ன துயரமாம்?"

சுவரில் இருந்தது நான்தான். வளைகாப்பு அன்று பூஜடை தைத்து, பின்னால் கண்ணாடி வைத்து எடுத்த படம். ஜடை முழுசாகத் தெரிய வேண்டும் என்று போட்டோகிராபர் என் கழுத்தைத் திருகி வைத்ததில் முகம் உர்ரென்று இருக்கும். அதைப் பார்த்த பக்கத்து வீட்டு அமெரிக்கப் பெண்மணி, "கட்டாயக் கல்யாணமா?" என்று பரிதாபமாகக் கேட்டார். அவர் போனதும் நான் திட்டாத திட்டில்லை.

"சும்மா டீஸ் பண்ணாதீங்க," என்றேன். ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது. நானும் அதே காரியத்தைத்தானே செய்திருக்கிறேன்! படத்தைப் பெரிதாக்கினேன். மணி வேலை எல்லாம் தொப்பியின் பக்கவாட்டில்தான். நேராக உட்கார்ந்திருந்தால் ஓரம்கூடத் தெரிந்திருக்காது.

துயரத்தை அழித்தேன். இருந்திருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? 'தொப்பியின் வேலைப்பாடு தெரியும்படி திரும்பி அமர்ந்திருக்கிறார் போலும்' என்று மட்டும் எழுதி அனுப்பினேன்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் அந்தப் பெண்ணின் கொள்ளுப்பேத்தி.

'எல்லோரும் அவர் முகத்தைப் பற்றியே எழுதினார்கள். தொப்பி அவரே தைத்தது. இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.'

கூடவே தொப்பியின் கலர் படம். கறுப்பு வெள்ளையில் நான் துக்கம் என்று பார்த்த அந்தத் துணி, நல்ல அரக்குச் சிவப்பு!