மைனஸ் இரண்டு

என் முதல் மெஷினை நானே கொன்றேன். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் அது நடந்தது. கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் இருந்துகொண்டு கிதாரின் சத்தத்தை விதவிதமாக மாற்றிக் கொடுக்கிற சின்னப் பெட்டி அது. மேலே ப்ராசஸர் என்று எழுதியிருக்கும். எங்கள் மெல்லிசைக் குழுவில் எல்லோருக்கும் அது மெஷின்தான். அன்றைக்கு அதன் அடாப்டரை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மண்டபத்து டிவியின் செட்டாப் பாக்ஸ் அடாப்டரைப் பிடுங்கிச் சொருகினேன். அளவெடுத்துச் செய்தது போல உள்ளே போனது. நம் நேரம் நல்ல நேரம் என்று சுவிட்சைப் போட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு பிளாஸ்டிக் தீய்கிற வாசனை, அவ்வளவுதான்.

முனை பொருந்தினாலும் உள்ளே பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருக்கும் என்பதும், வோல்ட் வேறாக இருக்கும் என்பதும் அதன் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது மெஷின், கிதார் வாசிப்பதை விட்டுவிட்டு வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிய ஒருவரிடமிருந்து வந்தது. அதன் அடாப்டரில் முதல் காரியமாகச் சிவப்பு டேப் சுற்றினேன். அந்தச் சிவப்பைத் தவிர வேறு எதையும் அதன் வாயில் வைப்பதில்லை.

சங்கராபுரம் சாலையில் டூவீலர்களுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். முகூர்த்த நாட்களில் கிதார். மெஷினோடு விளக்கப் புத்தகம் எதுவும் வரவில்லை. ஆகவே எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறித்தான் கற்றேன். கம்பெனிக்காரன் உள்ளே போட்டு அனுப்பியிருக்கும் சத்தங்கள் எல்லாம் தனியாக ஹெட்போனில் கேட்கத்தான் லாயக்கு. எல்லாவற்றிலும் எதிரொலி அதிகம், மண்டபத்தில் அதோடு வாசித்தால் கிணற்றுக்குள்ளிருந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். பாதியாகக் குறைத்துவிட வேண்டும். நேராக சவுண்டு மிக்ஸரில் சொருகும்போது, கிதார் ஸ்பீக்கர் பெட்டி மாதிரியே ஒலிக்க வைக்கிற 'கேபினெட்' என்கிற அமைப்பை ஆன் செய்ய வேண்டும். மறந்தால் தேன்கூட்டில் கல்லெறிந்த சத்தம் வரும். மேடையில் வெறுங்காலோடுதான் நிற்பேன், கால் சுவிட்சோ கடுகளவு. ஒன்றை மிதித்தால் இரண்டு விழுந்தது. தண்ணீர் பாட்டில் மூடிகளைப் பசை போட்டு சுவிட்சுகளின் மேல் ஒட்டினேன். பார்க்க அசிங்கம்தான், ஆனால் அதற்குப் பிறகு ஒருமுறைகூடத் தப்பாக மிதித்ததில்லை.

எங்கள் குழுவின் பாடகி என் மனைவி. மாமன் மகள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவள் பாடினாள், நான் வாசித்தேன். மைக்கைப் பிடித்தால் அவளுக்குக் கொஞ்சம் திமிர் வரும். அது எனக்குப் பிடிக்கும். குழுவில் இருக்கிற பெரியவர், எல்லோருக்கும் அண்ணன், வயதானதால் பாட்டுக்குப் பாட்டு சுருதியை இறக்கச் சொல்வார். கீபோர்டுத் தம்பி ஒரு பொத்தானை அழுத்தி இறக்கிக் கொடுப்பான். இவள் சும்மா இருக்க மாட்டாள்.

"இன்னாண்ணே, எறங்கிக்கினே போறீங்க? தரை வந்துச்சா இல்லியா?"

மேடையிலேயே எல்லோரும் சிரிப்போம். அண்ணனும் சிரிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. புதுச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. கெட்ட கட்டி இல்லை என்று டாக்டர் சொன்னபோது நானும் அவளும் ஆஸ்பத்திரி வாசலில் நின்று டீ குடித்தோம். அப்படி ஒரு டீயை அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை. பேச்சுக் குரல் இரண்டு வாரத்தில் திரும்பியது. மேல் ஸ்தாயி மட்டும் வரவில்லை. குரலை மேலே ஏற்றுகிற நரம்பு களைத்திருக்கிறது, வரலாம், கொஞ்சம் வராமலும் போகலாம், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர்.

பொறுமைக்கும் அவளுக்கும் ஆகாது. ஒருநாள் சமையல் செய்துகொண்டே, மேடையில் எப்போதும் முதலில் பாடுகிற அம்மன் பாட்டை எடுத்தாள். அனுபல்லவியில் ஏறுகிற இடத்தில் குரல் உடைந்து வெறும் காற்று வந்தது. கரண்டியை வைத்துவிட்டாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

"எறக்கிப் பாடேன்மா" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அண்ணனை அவ்ளோ கிண்டல் பண்ணிட்டு நானே போய் எறக்குன்னு நிக்கணுமா? வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு மாமா."

குழு திருக்கோவிலூரிலிருந்து வேறொரு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டது. நல்ல பெண், நன்றாகத்தான் பாடினாள். எனக்குத்தான் ஒவ்வொரு மேடையிலும் இடது பக்கம் திரும்பிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. வீட்டில் முணுமுணுப்பது கூட நின்றுபோனது. பாத்திரம் கழுவும்போது தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்கும். அது எனக்குத் தாங்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன், பயமாகவே இருந்தது.

அப்போதுதான் மெஷினுக்குள் சுருதியை மாற்றுகிற ஓர் அமைப்பு இருப்பது ஞாபகம் வந்தது. அதுவரை அதைத் தொட்டதே இல்லை. கம்பியில் நாம் வழக்கமான இடத்திலேயே வாசிப்போம். வெளியே வருகிற சத்தம் மட்டும் இறங்கியிருக்கும். திரையில் மைனஸ் ஒன்று என்றால் அரைக்கட்டை. மைனஸ் இரண்டு என்றால் ஒரு கட்டை. கிதாரின் கழுத்தில் மாட்டுகிற கேப்போ என்கிற கிளிப் சுருதியை ஏற்றத்தான் உதவும், இறக்காது. கம்பிகளைத் தளர்த்தலாம், ஆனால் நான் முறுக்காணியைத் திருகினாலோ, அண்ணனுக்குச் செய்வது போல விரலை இடம் மாற்றி வாசித்தாலோ என் மனைவி அடுப்படியிலிருந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

ஆகவே திருட்டுத்தனம் செய்தேன். மைனஸ் இரண்டில் வைத்து, அம்மன் பாட்டை ஒன்றுமே நடக்காதது போல வாசிப்பது. அவள் காதில் விழுந்து, வாய் தானாகச் சேர்ந்துகொண்டால், ஏறுகிற இடம் எட்டிவிடும். பழைய சுருதியிலேயே பாடிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வாள். என் திட்டம் அவ்வளவுதான்.

சொல்வது சுலபம். முதல் நாள் கிதார் தண்ணீருக்குள் அழுவது போல நடுங்கியது. இந்தச் சுருதிக் கட்டத்தை வரிசையில் எல்லாவற்றுக்கும் முதலில் வைக்க வேண்டும், மற்ற சத்தங்களெல்லாம் அதற்குப் பின்னால்தான் என்பது ஒரு வாரம் கழித்துப் பிடிபட்டது. ஆறு கம்பியையும் சேர்த்து அடிக்காமல் மூன்று, நான்கு மட்டும் தொட்டால் தெளிவாக இருந்தது. சத்தம் ஒரு இம்மி தாமதமாக வரும். கையைக் கொஞ்சம் முன்னாலேயே விட வேண்டும். பெரிய தலைவலி இன்னொன்று. எலெக்ட்ரிக் கிதாராக இருந்தாலும் வெறும் கம்பிக்கு ஒரு சின்னச் சத்தம் உண்டு. அது பழைய சுருதியில் ஒலிக்கும். ஸ்பீக்கர் இறங்கிய சுருதியில் ஒலிக்கும். இரண்டும் சேர்ந்து கேட்டால் பல் கூசும். கம்பிச் சத்தம் மூழ்குகிற அளவுக்கு ஸ்பீக்கரைக் கூட்டி, அதை அடுப்படிப் பக்கம் திருப்பி வைத்து, நான் வாசல் அறையின் மூலையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

பத்து, பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில், சோறு வடிக்கும்போது, கஞ்சி ஊற்றுகிற சத்தத்தோடு அவள் குரல் வந்தது. முதலில் வார்த்தை இல்லாமல் வந்தது. மறுநாள் பல்லவி. அதற்கடுத்த வாரம் அனுபல்லவி ஏறுகிற இடம். உடையாமல் ஏறியது. எனக்கு ஒரு சுரம் தப்பிப் போனது. ஆனாலும் அடுப்படிப் பக்கம் தலையைத் திருப்பாமல் வாசித்தேன். காலையில் கடைக்குப் போகுமுன் அரை மணி நேரம் என்று அது ஒரு பழக்கமாகிவிட்டது.

ஒருநாள் பாட்டின் நடுவில் கரண்ட் போனது. ஸ்பீக்கர் செத்தது. மெஷினும் செத்தது. என் கை மட்டும் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது, வெறும் கம்பியில், பழைய சுருதியில். அடுப்படியில் அவள் ஒரு கட்டை கீழே பாடிக்கொண்டிருந்தாள். எலி பொறியில் மாட்டிய மாதிரி மூலையில் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் பாடுபட்டது போச்சு, இனி இவள் வாயே திறக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

அவள் பாட்டை நிறுத்தவில்லை. அந்த வரியை முடித்துவிட்டு, அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"மாமா, கரண்ட் வர்ற வரைக்கும் கைய எடு. இடிக்குது."

எழுந்து போய் அடுப்படி வாசலில் நின்றேன். அவள் தக்காளி அரிந்துகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெனம் அந்த ரூமைப் பெருக்கறது யாரு? பெட்டியில பெருசா மைனஸ் ரெண்டுன்னு எரியிது. அதுவும் இல்லாம, என் தொண்டை எங்க ஏறும், எங்க ஏறாதுன்னு எனக்குத் தெரியாதா?"

"எப்பத்திலிருந்து?"

"நீ மொத நாள் மூலைக்குப் போய் ஒளிஞ்சியே, அன்னைக்கே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "சொன்னா நீ நிறுத்திடுவ. எனக்கு அது வேண்டியிருந்துது. எறக்கிப் பாடுன்னு சொன்னப்ப கோவம் வந்துச்சு. நீ ஒண்ணுமே சொல்லாம எறக்கி வாசிச்சிக்கினு இருந்தியே, அப்ப கோவம் வரல. அழுகைதான் வந்துச்சு."

எனக்கும் வந்தது. தக்காளியால் வந்ததாக அவளிடம் சொன்னேன். வெங்காயம் என்று சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதம் கல்வராயன் மலைமேல் இருக்கிற வெள்ளிமலையில் ஒரு கல்யாணம். கல்யாணப் பெண்ணின் அக்கா கல்யாணத்தில் என் மனைவி பாடியிருந்தாள். அவர்களுக்கு அவள்தான் வேண்டுமாம். "வரேன், பாடுறது அப்பால பாக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். வேன் மலை ஏறிய குலுக்கலில் கம்பிகள் சுருதி விலகியிருந்தன, அதைச் சரி செய்தேன். பந்தல் முழுக்க சீரியல் விளக்கு. அதே லைனில் மெஷினைச் சொருகினால் 'ங்ங்' என்று இரையும் என்பது பழைய அனுபவம். பிளஸ், மைனஸ் சரிபார்த்து அதற்கும் சிவப்பு டேப் சுற்றி வைத்திருந்த, ஒன்பது வோல்ட் தருகிற ஒயர் ஒன்றைப் போட்டு பவர் பேங்கில் ஓட்டினேன். மைனஸ் இரண்டில் அமைத்த சத்தத்தை முதல் இடத்தில் சேமித்து வைத்திருந்தேன். எதற்காகவாவது மெஷின் அணைந்து எழுந்தாலும் கண் திறக்கும் இடம் அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று.

மதியச் சாப்பாடு முடிந்து கூட்டம் உட்கார்ந்தது. அண்ணன் இரண்டு பாட்டு பாடினார். அவள் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை. மூன்றாவது பாட்டுக்கு அவளே எழுந்து வந்து மைக்கைப் பிடித்தாள். கீபோர்டுத் தம்பியின் காதில் சொல்லியிருக்கலாம். மைக்கிலேயே சொன்னாள், கூட்டம் முழுக்கக் கேட்க.

"தம்பி, ஒரு கட்டை எறக்கிக்க. எனக்கு ஆபரேஷன் ஆச்சு, பழைய மாதிரி ஏறாது." பிறகு திரும்பி, "அண்ணே, இப்ப நீங்க கேளுங்க. தரை வந்துச்சான்னு."

அண்ணன் கேட்கவில்லை. "தரை எங்கம்மா, இன்னும் எவ்ளோவோ கீது. நீ பாடு" என்றார்.

பாடினாள். அனுபல்லவி ஏறுகிற இடம் வந்தது. ஏறிவிட்டாள். முன்வரிசையில் கைதட்டியவர்களுக்கு அது என்ன ஏற்றம் என்று தெரியாது. எங்கள் குழுவுக்குத் தெரியும்.

அடுத்த பாட்டுக்கு முன் என் பக்கம் திரும்பி, ஆட்காட்டி விரலைப் பாதி மடக்கி மேலே காட்டினாள். எங்கள் குழுவில் அதற்கு அரைக்கட்டை ஏற்று என்று அர்த்தம். நான் தப்பாகப் பார்த்தேனோ என்று நினைத்தேன். மறுபடியும் காட்டினாள். தம்பி ஒரே தட்டில் ஏற்றிவிட்டான். என்னிடம் மைனஸ் இரண்டு இருந்தது, பூஜ்யம் இருந்தது. நடுவில் ஒன்று வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எல்லா வித்தையும் செய்து வைத்தவன், அவள் ஏற்றச் சொல்வாள் என்பதற்கு மட்டும் ஓர் இடம் ஒதுக்கி வைக்கவில்லை.

ஒட்டி வைத்த மூடியை மிதித்து முடிக்கிற வேலை இல்லை அது. மேடையிலேயே மண்டி போட்டு உட்கார்ந்து, கையால் குமிழைத் திருகினேன். அவசரத்தில் அமைப்பைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். கூட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறது. மைக்கில் அவள் சிரிப்பு கேட்டது.

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. எங்க மாமா பெட்டியக் கும்பிட்டுக்கினு இருக்காரு."

பந்தலே சிரித்தது. திரையில் மைனஸ் ஒன்று எரிந்தது. நான் அப்போது உண்மையாகவே கும்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து நின்று முதல் சுரத்தை அடித்தேன்.

இன்றுவரை அவள் மைனஸ் ஒன்றில்தான் பாடுகிறாள். பூஜ்யம் திரும்பவில்லை, அதற்காக நாங்கள் காத்திருக்கவும் இல்லை. மெஷினில் இப்போது முதல் இடத்தில் மைனஸ் ஒன்று இருக்கிறது. குளிர் காலத்துக்காக மைனஸ் இரண்டு அடுத்த இடத்தில். மூன்றாவது இடத்தில் பூஜ்யத்தைச் சேமித்து வைத்திருக்கிறேன். என்றைக்காவது அவள் விரலைக் காட்டினால், இந்த முறை மண்டி போட வேண்டியிருக்காது.