அசையாமல் நின்ற எண்

போன வாரம் மத்தியானம் குன்னூரில் நல்ல இடி. எங்கள் கடையில் போன் அடித்தது. இடி இடித்தால் எங்காவது ஒரு பேக்டரியில் கம்ப்யூட்டர் லைன் போகும், அடுத்து போன் வரும். எடுத்ததும், "எந்த பேக்டரிங்க?" என்றேன்.

"பேக்டரி இல்லீங்க தம்பி. வீட்டுல இருந்துதான் பேசறேன்" என்றார் டேவிட் அண்ணனின் மனைவி. "அவரு போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

டேவிட் அண்ணனை இந்த மலையில் தேயிலைத் தூள் தயாரிக்கிற பாதிப் பேருக்குத் தெரியும். அருவங்காட்டுக்காரர். அவரும் நானும் கூட்டாளிகள். பேக்டரியில் அடுப்புச் சூட்டை அளக்கும் மீட்டரிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கம்பி இழுப்பது எங்கள் வேலை. மீட்டர் பேசுவது கம்ப்யூட்டருக்கு நேரடியாகப் புரியாது. நடுவில் கன்வெர்ட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். இரண்டு மொழி தெரிந்த ஆள் என்ற அர்த்தத்தில் அண்ணன் அதை "துபாஷி" என்பார். "துபாஷி ஒழுங்கா இருந்தாத்தானுங்க ரெண்டு பேருக்கும் சண்டை வராது" என்று ஒவ்வொரு முதலாளியிடமும் அதே வார்த்தையில் சொல்வார். எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

செத்தவரைப் புகழ்வதுதான் முறை. ஆனால் அவர் பயந்தவர் என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. இறுக்கிய திருகையே மறுபடி இறுக்குவார். பாதி வழி வந்தபின் வண்டியைத் திருப்பச் சொல்வார். முதலாளி குரலை உயர்த்தினால் உடனே இறங்கிவிடுவார். தேயிலை விலை விழுந்து பேக்டரிகள் வாரத்தில் பாதி நாள் மூடிக் கிடந்த சமயத்தில், முதலாளிகள் எல்லோருமே குரலை உயர்த்தினார்கள்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு பேக்டரி. தூளைக் காயவைக்கும் டிரையரில் இருந்த ஆட்களைக் குறைத்துவிட்டு, அந்த இடத்துக்கு எங்கள் கம்பியை வாங்கினார் முதலாளி. ஆபீஸ் கிளார்க் கம்ப்யூட்டரில் சூட்டைப் பார்த்து, ஏறினால் மணி அடிக்க வேண்டும்; டிரையரில் மிஞ்சிய ஒரே ஆள் ஆறுமுகம் பின்பக்கம் அடுப்புக்கு விறகு போட்டுக்கொண்டே அதைக் கேட்டுக் குறைக்க வேண்டும். ஆபீஸ் ஒரு கட்டடம், டிரையர் இன்னொரு கட்டடம். இடி விழுந்தால் கம்பி வழியே அதிர்ச்சி பாயும். அதைத் தடுக்கிற கன்வெர்ட்டர்தான் போட வேண்டும் என்று நான் அண்ணனிடம் கத்தினேன். "கட்டுப்படி ஆகாதுங்கறாரே தம்பி" என்று சாதாரணப் பெட்டியை மாட்டினார்.

மழைக்காலத்தில் ஒருநாள் அங்கே தூள் கருகிவிட்டது. எங்களைக் கூப்பிட்டார்கள். ஆறுமுகம் கதவோரமாக இருந்தார். சின்ன வயதில் சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். வேலை போனால் முதலாளி கொடுத்த லயத்து வீடும் போகும்.

"ஆளைக் குறைச்சு மெஷினு வாங்கினேனுங்க. மெஷினு இப்பக்கூட சரியாத்தான் காட்டுது, நீங்களே பாருங்க" என்றார் முதலாளி. "இவன் தூங்கியிருக்கான்."

"கண்ண மூடலிங்க ஐயா. மணி அடிக்கவே இல்லிங்க" என்றார் ஆறுமுகம்.

"மணி எதுக்குடா அடிக்கும்? சூடுதான் ஏறலையே!"

திரையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. அண்ணனுக்கும் புரிந்தது. ஆனால் அவர் தாடையைத் தடவிக்கொண்டு திரையையே பார்த்தார். எங்கள் தப்பு என்று சொன்னால் இந்த பேக்டரி வேலை போகும். முதலாளியின் சொந்தக்காரர்களுடைய பேக்டரிகளும் போகும். இந்த மனுஷன் வாயைத் திறக்கப்போவதில்லை என்றே நினைத்தேன்.

அண்ணன் எழுந்து கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டு, கம்பியைப் பிடுங்கினார். பிடுங்கியதைத் தூக்கிக் காட்டினார். திரையில் எண் மாறவில்லை.

"இப்பவும் அதேதானுங்க காட்டுது. வெறகு போட்டா சூடு ஏறும், தீர்ந்தா எறங்கும். ஒரு புள்ளிகூட அசையாம நின்னா அது சூடு இல்லீங்க, செத்த கம்பி. கடைசியா வந்த நம்பரையே புடிச்சுக்கிட்டு நிக்குது."

"அப்ப யாரு தப்புங்க?" என்றார் முதலாளி.

"எங்களுதுங்க. நான் மாட்டுன பொட்டி இடியில போயிருக்கு. இந்த மனுஷன் தூங்கலீங்க."

முதலாளி எங்களை வெளியே போகச் சொன்னார். திரும்பக் கூப்பிடவே இல்லை. ஆறுமுகம் இன்றைக்கும் அந்த டிரையரில்தான் இருக்கிறார்.

கேட்டுக்கு வெளியே வந்ததும் அண்ணனால் வண்டியை உதைக்க முடியவில்லை; கால் அப்படி நடுங்கியது. "நாளைக்கு என்னடா தம்பி பண்றது?"

"அதை உள்ளயே யோசிச்சிருக்கணும்" என்றேன்.

"உள்ள யோசிச்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்டா" என்று சிரித்தார்.

அதன்பின் மீட்டரிடமிருந்து பதில் வராவிட்டால் எண்ணை அழித்துவிட்டு வெறும் கோடு காட்டும்படி புரோகிராமை மாற்றச் சொல்லி என் உயிரை எடுத்தார். மாற்றினேன். "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும், பொய் சொல்லக் கூடாது" என்பார். ஆனால் பழைய பேக்டரிகள் சிலவற்றில் இன்னும் பழைய புரோகிராம்தான் ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் போய்ச் சேரும் முன் அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாளே அரவேணுவிலிருந்து அழைப்பு. அந்தப் பழையவற்றில் ஒன்று. இலை வாட்டும் இடத்தில் சூடு ஏறி இலை வீணாகிவிட்டது. அங்கே சூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவை ஆபீஸ் வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்கள். "இந்தம்மா கவனிக்கலைங்க. நாளையில இருந்து வர வேண்டாம்னுட்டேன்" என்றார் மேனேஜர்.

டேவிட் அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது தைரியம் என்று சொல்ல மாட்டேன். அவரிடமே அது கிடையாது. சந்தேகம் வந்தால் முதலில் நம் பெட்டி, ஆள் அதற்கப்புறம். அந்த வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

"அந்தம்மாவ மொதல்ல உக்காரச் சொல்லுங்க. எங்க பொட்டியத் தொறந்து பாக்கறேன்" என்றேன்.

"பாத்து, உங்க தப்பா இருந்தா?"

"சொல்றேங்க."

பெட்டியின் மூடியைக் கழற்றப் போனேன். ஸ்க்ரூடிரைவரைத் திருகில் வைத்துத் திருப்பினேன்.